சம்பந்தி கொடுத்த கம்பும் நான் வாங்கிய ரீலும்

என் சம்பந்தி நல்ல மனிதர். குடி கிடையாது, கடன் கிடையாது, வாயைத் திறந்தால் மரியாதை. என் மகனைத் தன் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்கிறார். எனக்கு அவரைப் பிடிக்காததற்கு அந்தக் கடைசிக் காரணம் ஒன்றே போதும்.

மகன் திருகோணமலைப் பக்கம் ஒரு கடற்கரை ஹோட்டலில் வேலைக்குப் போனான். போன இடத்தில் பெண்ணையும் பார்த்துக்கொண்டான். பெண்ணின் அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு போட், மீன் வியாபாரம், கடலைப் பார்த்த வீடு. கல்யாணம் நல்லபடியாக நடந்தது. எங்களுக்கு ஒரே பிள்ளை. மருமகள் தங்கமான பெண், அவளைப் பற்றி ஒரு சொல் குறையாகச் சொல்ல மாட்டேன். என் வயிற்றெரிச்சலெல்லாம் அவளுடைய அப்பா மேல்தான்.

முன்பெல்லாம் மகன் போன் எடுத்தால், "அப்பா சாப்டீங்களா, மழையாப்பா, கடையில வேல எப்படி" என்று கேட்பான். மலைநாட்டில், ஹட்டனில் எனக்கு ஒரு தையல் கடை இருக்கிறது, பள்ளிக்கூட யூனிபோர்ம் தைப்பதுதான் பிழைப்பு. கல்யாணத்துக்குப் பிறகு வாய்க்கு வாய் மாமா. "மாமா சொன்னாரு காத்து மாறுமாம்." "மாமாவும் நானும் விடியக்காலம் கடலுக்குப் போனோம்." "மாமா பிடிச்ச பாரை இவ்வளவு பெருசுப்பா." ஒருநாள் நான் ஏதோ கேட்கிறேன், "ஆமாப்பா" என்று சொல்கிற வாய் "ஓம்ப்பா" என்கிறது! போனை வைத்துவிட்டு மனைவியிடம் கத்தினேன்.

"உம் மகன் ஓம்ங்கிறான், கேட்டியா?"

அவள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறவள். கொழுந்தெடுக்கப் போகிற பெண்களின் குழந்தைகளைப் பகலெல்லாம் வைத்துக்கொள்கிற இடம் அது. குழந்தைகளின் அழுகை கேட்டுப் பழகியதாலோ என்னவோ, என் கத்தல் அவள் காதில் ஏறாது.

"ஓம்னு சொன்னா என்னாங்க? நல்லாத்தானே இருக்கு. சாமி கும்புடுற மாதிரி."

மீன் பிடிக்கிற விஷயத்தில்தான் எனக்கு ரொம்பவும் எரிந்தது. ஏனென்றால் அது எங்கள் இரண்டு பேருடையது. எங்கள் தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து கீழே இறங்கினால் காசல்ரீ நீர்த்தேக்கம். ஞாயிற்றுக்கிழமை பகல் கடையைப் பூட்டிவிட்டு அவனும் நானும் மூங்கில் கம்போடு போய் உட்காருவோம். மிதப்புக்குப் பழைய ரப்பர் செருப்பில் வெட்டிய துண்டு, இரைக்கு மண்புழு. ஜப்பான் மீன், அதுதான் திலாப்பியா, நாலைந்து கிடைக்கும். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டோம். வேலைக்குப் போன பிறகும் லீவில் வந்தால் முதல் வேலையாகக் கம்பைத்தான் தேடுவான். கல்யாணமாகி முதல் தடவை வந்தபோது நான் மண்புழுவெல்லாம் தோண்டி டின்னில் போட்டு வைத்திருந்தேன். பயல் டின்னை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இன்னைக்கு வேணாம்ப்பா, குளிருது. ஜப்பான் மீன் மண் வாசம் அடிக்கும்ப்பா. கடல் மீன் சாப்ட்டுப் பழகிருச்சு."

மண் வாசமாம். அந்த மண் வாசத்தைத் தின்றுதானே ஆளானான்! டின்னை எடுத்துக்கொண்டுபோய்ப் புழுக்களை மனைவியின் பீன்ஸ் பாத்தியில் கொட்டிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு தீபாவளி வந்தது. கல்யாணமாகி வருகிற முதல் தீபாவளிக்கு மாப்பிள்ளை மாமனார் வீட்டுக்குப் போக வேண்டும், மாமனார் ஏதாவது செய்ய வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். சம்பந்தி பக்கத்தில் அதை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. பேசாமல் இருந்திருந்தால் பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்திருப்பான். என் மனைவி சும்மா இருந்தாளா? அவளே போன் போட்டுச் சம்பந்தியம்மாவுக்கு விலாவாரியாகச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு மோதிரம் போடுவார்கள் என்று அவளுக்கு எண்ணம். நானும் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினேன். எங்கள் கையாலேயே பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தோம்.

சம்பந்தி மோதிரம் போடவில்லை. கடல் தூண்டில் கம்பு ஒன்று வாங்கிக் கொடுத்தார். மகன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற படம் போனில் வந்தது. கறுப்புக் கம்பு, அவனைவிட உயரம். முகமெல்லாம் பல். நான் கொடுத்த எதற்கும் அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. படத்தைப் பார்த்துவிட்டு, பாதி தைத்த பாவாடையை மடிப்பு மாற்றித் தைத்து, பிறகு பிரித்தேன்.

ஆனால் கம்பில் ரீல் இல்லை. நூலைச் சுற்றி வைக்கிற அந்தச் சக்கரம்தான் ரீல். அது இல்லாமல் கடலில் கம்பு வெறும் குச்சி. இப்போது அங்கே மாரி, கடல் கொந்தளிப்பு. சித்திரை வருஷப் பிறப்புக்குக் கடல் அடங்கிவிடும், அதற்குள் ரீலை ஆறுதலாகப் பார்த்து எடுக்கலாம் என்று மாமா சொன்னாராம். மகன் போனில் சொல்லச் சொல்ல எனக்கு உள்ளே ஒன்று துள்ளியது.

"ரீல நான் வாங்கித் தாறேன். நீ கை வைக்காத. ஒங்க மாமாகிட்டயும் சொல்லிரு."

"அப்பா, அது கடல் ரீல்ப்பா. உப்புத் தண்ணிக்குத் தாக்குப் பிடிக்கணும். உயிர் மீன இரையாப் போட்டுப் பிடிக்கிறதுக்கு வேற மாதிரி வேணும்."

"ஏன், எனக்குக் கண்ணு தெரியாதா? தையக்காரன்டா நான். நூலப் பத்தி எனக்கா சொல்லித் தர்ற?"

கம்பு அவருடையதாக இருக்கட்டும். மகன் கையில் பிடித்துச் சுற்றுவது ரீலைத்தான். ஒவ்வொரு தடவை சுற்றும்போதும் அப்பா வாங்கிக் கொடுத்தது என்று நினைக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து சம்பந்தி அதைப் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான், ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

முதலில் எதிராளியின் பலம் தெரிய வேண்டுமே. மருமகளுக்கு ரகசியமாகப் போன் எடுத்து, "அப்பாவோட ரீல ஒரு போட்டோ எடுத்து அனுப்பும்மா, சும்மா பாக்கத்தான்" என்றேன். அவளும் சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டாள். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரமெல்லாம் சாயம் போன பழைய ரீல். மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

கடல் சாமான் ஹட்டனில் எங்கே கிடைக்கும்? மாரி முடிந்ததும் ஒருநாள் கடையைப் பூட்டிவிட்டு நீர்கொழும்புக்குப் புறப்பட்டேன். கினிகத்தேனை தாண்டும்போதே ஸ்வெட்டரைக் கழற்றியாயிற்று, நீர்கொழும்பில் இறங்கும்போது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கடைக்காரி நல்ல பருத்த அம்மா. தமிழும் சிங்களமும் கலந்து பேசினார். கண்ணாடிப் பெட்டிக்குள் ரீல்கள் நகைக்கடை மாதிரி மின்னின. நான் போனில் இருந்த படத்தைக் காட்டினேன்.

"இதவிடப் பெருசா ஒன்னு குடுங்க."

"என்ன மீனுக்கு ஐயா?"

"மீன விடுங்க. இதவிடப் பெருசு வேணும்."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இது யார்ட ரீல்?"

"சம்பந்தியோடது."

அவ்வளவுதான், கடை அதிரச் சிரித்தார். "மாத்தயா, பெரிய ரீல் வாங்கினா சம்பந்திக்கா கை வலிக்கும்? மகனுக்குத்தான் வலிக்கும்." சொல்லிவிட்டு ஒரு தடியன் ரீலை என் கையில் வைத்தார். பழைய காலத்து அயர்ன் பெட்டியைத் தூக்கின மாதிரி இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு காலையெல்லாம் போட்டில் நிற்க முடியாது என்று எனக்கே புரிந்தது. சம்பந்தியுடையதன் அளவே கம்புக்குச் சரி என்றார். சரி, அளவில்தான் ஜெயிக்க முடியாது.

ஒன்று தங்க நிறத்தில் தகதகவென்று இருந்தது. அதைக் கேட்டேன். "அது கல்யாண வீட்டுக்கு நல்லது, கடலுக்கு வேணாம்" என்றார். உப்புக் காற்றில் அந்தப் பூச்சு உரிந்துவிடுமாம். பிறகு கறுப்பாக, அலங்காரம் ஒன்றும் இல்லாத ஒன்றை எடுத்தார். உடம்பு உலோகம், உப்புத் தண்ணீர் உள்ளே போகாதபடி மூட்டுகளில் ரப்பர் வளையம், பின்பக்கம் சின்னதாக ஒரு லீவர். அது எதற்கு என்று கேட்டேன். வாயால் சொல்லாமல் நூல் நுனியைத் தன் விரலில் சுற்றிக்கொண்டார். லீவரைத் தட்டிவிடச் சொன்னார்.

"இப்ப நான்தான் மீன். பிடிங்க."

கடைக்கு வெளியே நடக்கத் தொடங்கினார். ரீல் தன் பாட்டுக்கு நூலை விட்டுக்கொண்டே இருந்தது. ஒரு தடை இல்லை, ஒரு சத்தம் இல்லை. ரோட்டோரம் போனதும் திரும்பிப் பார்த்து, "இப்ப கைப்பிடியச் சுத்துங்க" என்று கத்தினார். சுற்றினேன். உள்ளே 'டக்' என்று விழுந்தது. அம்மா நின்றுவிட்டார், விரல் இழுபட்டது. திரும்பி வந்து விளக்கினார். உயிர் மீனை இரையாகப் போட்டால் அது கடலில் தாராளமாக நீந்த வேண்டும். பெரிய மீன் வந்து கவ்வினதும் இழுத்துப் பிடித்தால் பாரம் தெரிந்து துப்பிவிடும். கொஞ்சம் ஓட விட வேண்டும், விழுங்க விட வேண்டும், பிறகுதான் பிடிக்க வேண்டும். பிடித்த பிறகும் மீன் முரட்டுத்தனமாக இழுத்தால் ரீல் கொஞ்சம் கொஞ்சமாக நூலை விட்டுக்கொடுக்கும், இல்லாவிட்டால் நூல் அறுந்துவிடும்.

தையல் மிஷினில் நூல் இறுக்கத்தைச் சரி பண்ணுகிற திருகு மாதிரிதான். எனக்கு உடனே பிடிபட்டது. சம்பந்தியின் ரீல் படத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். லீவர் இல்லை! வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. விலையைக்கூட ஒழுங்காகக் கேட்கவில்லை, கட்டச் சொன்னேன்.

நூல் சுற்றித் தந்த ரீலை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பெட்டியிலேயே வைத்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. அந்த ரீலில் முதல் தண்ணீர் எங்கள் தண்ணீராக இருக்க வேண்டும் என்று ஓர் ஆசை. மூங்கில் கம்பில் அதைக் கட்டிக்கொண்டு காசல்ரீக்கு இறங்கினேன். சின்ன மீன் ஒன்றை உயிரோடு கொக்கியில் மாட்டி லீவரைத் தட்டி விட்டேன். ஒன்றும் கடிக்கவில்லை. மழைதான் வந்தது. பேய் மழை. நானும் ரீலும் தொப்பலாக நனைந்து வீடு வந்து சேர்ந்தோம்.

எங்கள் பக்கம் வெயிலை நம்பி ஒன்றையும் காயப்போட முடியாது. விறகடுப்புக்கு மேலே குறுக்கே ஒரு கம்பி கட்டியிருப்போம். காலில் போடுகிற மேஸ், பள்ளிக்கூடச் சப்பாத்து, ஈர விறகு, குழந்தைத் துணி, எது நனைந்தாலும் அங்கேதான் தொங்கும். ரீலையும் தொங்கப் போட்டேன். உள்ளே ஈரம் நிற்கக் கூடாதே என்று மூன்று நாள் விட்டேன்.

மனைவி அடுப்பை ஊதிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். "என்னாங்க இது, கருவாடா?"

"ஒனக்கு ஒன்னும் தெரியாது. கை வைக்காத."

பிறகு இறக்கித் துடைத்துப் பெட்டியில் போட்டேன். சித்திரை வருஷத்துக்கு எங்களைச் சம்பந்தி வீட்டுக்குக் கூட்டிப்போக மகன் வந்தான். பெட்டியைத் திறந்து ரீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். லீவரைத் தட்டினான். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். என்னைப் பார்த்தான். "சூப்பர்ப்பா" என்றான். நான் தலைகால் புரியாமல் நின்றேன்.

வருஷப் பிறப்பு முடிந்த மறுநாள் விடிந்ததும் சம்பந்தியின் போட்டில் மூன்று பேரும் போனோம். நான் இரண்டு கையாலும் போட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வயிறு புரட்டியது. சம்பந்தி மடியிலிருந்து ஒரு எலுமிச்சங்காயை எடுத்து நீட்டினார்.

"தேசிக்காய் மணந்து பாருங்கோ சம்பந்தி, பிரட்டல் நிக்கும்."

வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரத்தில் வாங்கிக்கொண்டேன்.

மகன் உயிரோடு ஒரு சூடை மீனைக் கொக்கியில் மாட்டித் தண்ணீரில் விட்டான். லீவரைத் தட்டினான். சூடை நீந்த நீந்த நூல் அழகாகப் போனது. சம்பந்தி எட்டிப் பார்த்தார்.

"நல்ல ரீல். ஆர் பார்த்து எடுத்தது?"

"நான்தான்" என்றேன். அதைச் சொல்லத்தானே மலையிலிருந்து இறங்கி வந்தேன்.

அவர் மேற்கொண்டு ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் நூல் சடசடவென்று ஓடியது. பாரை! மகன் அவசரப்படவில்லை. ஓட விட்டான். பிறகு கைப்பிடியைச் சுற்றினான். டக். கம்பு வளைந்தது. நான் எழுந்தே நின்றுவிட்டேன், கடலும் மறந்துபோனது, வயிறும் மறந்துபோனது. மீன் இழுத்தது. இப்போது ரீல் நூலை விட்டுக்கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை. கர் என்றது, நின்றது, வெட்டி வெட்டி இழுத்தது. உள்ளே மணலைப் போட்டு அரைத்த மாதிரி ஒரு சத்தம். பட்டென்று நூல் அறுந்தது. கம்பு நிமிர்ந்து நின்றது.

சம்பந்தி ரீலை வாங்கி மேல் மூடியைத் திருகிக் கழற்றினார். விரலை விட்டு எடுத்தார். விரல் கறுப்பாக இருந்தது. மணந்து பார்த்தார்.

"கிறீஸ் எல்லாம் உருகி ஒழுகிப் போட்டுது. உள்ளுக்குக் கரி. நூலும் பொரிஞ்சு கிடக்கு. புகை மணக்குது. ஆர் இதை நெருப்பில காட்டினது?"

மகன் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை.

"நான்தான் மாமா. இவங்களக் கூட்டிட்டு வரப் போனப்ப ஈரமா இருந்துச்சு. அடுப்புக்கு மேல தொங்கப் போட்டேன்."

"மடையா! படிச்ச பொடியனுக்கு அறிவு வேணாமோ? ரீலை ஆராவது அடுப்புக்கு மேல காயப்போடுவாங்களோ? அப்பா பாவம், எவ்வளவு ஆசையா எடுத்துத் தந்திருக்கிறார்!"

மகன் தலையைக் குனிந்து நின்றான். கால் பெருவிரலால் போட்டின் பலகையைக் கீறிக்கொண்டிருந்தான். சின்ன வயதில் நான் திட்டும்போது லயத்து வாசலில் அதே மாதிரிதான் நிற்பான், அதே கால், அதே விரல். அந்த நிற்பு எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். இந்த மனிதர் முன்னாலும் அப்படியே நிற்கிறான்! கம்பு கொடுத்ததைப் பொறுத்தேன், ஓம் சொன்னதைப் பொறுத்தேன். இதைப் பொறுக்க முடியவில்லை.

"போதும் சம்பந்தி!" என்று கத்திவிட்டேன். "எம் மகன நீங்க திட்டாதீங்க. திட்டணும்னா நான் திட்டிக்கிறேன். அவன் பொய் சொல்றான். தொங்கப் போட்டது நான். எங்க ஊர்ல எல்லாத்தயும் அடுப்புக்கு மேலதான் காயப்போடுவோம். எனக்கு என்னா தெரியும் அதுக்குள்ள கிறீஸ் இருக்குன்னு?"

போட் ஆடிக்கொண்டிருந்தது. சம்பந்தி என்னைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். "ஐயோ, நீங்களோ" என்றார். அவர் அதற்கு மேல் ஒரு சொல் பேசியிருந்தால் கடலில் குதித்திருப்பேன், நீந்தத் தெரியாது. அவர் எஞ்சினைக் கிளப்பிக் கரைக்குத் திருப்பினார்.

அன்று மத்தியானம் அவர் வீட்டு மாமர நிழலில் பாய் விரித்து ரீலைத் துண்டு துண்டாகக் கழற்றினார். மண்ணெண்ணெயில் கழுவினார், புதுக் கிறீஸ் போட்டார், புது நூல் சுற்றினார். நான் தள்ளி ஒரு கதிரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் ரீலுக்குள்ளும் அவர் கை போய்விட்டதே என்று உள்ளே கொதித்தது. நான் வாங்கியதில் இனி என்னுடையதென்று என்ன மிச்சம்? பூட்டி முடித்துக் கைப்பிடியைச் சுற்றிக் காட்டினார். வெண்ணெய் மாதிரிச் சுற்றியது. பிறகு மூக்கைச் சுளித்தார்.

"எல்லாம் சரி மருமகன். இந்தக் கைப்பிடிக் குமிழ் மட்டும் புகையைக் குடிச்சுப் போட்டுது. கழுவியும் மணக்குது. என்னட்டப் புதுசு ஒண்டு கிடக்கு, மாத்தித் தாறன்."

பெட்டிக்குள்ளிருந்து புதுக் குமிழை எடுத்துத் திருகாணியைக் கழற்றப் போனார். மகன் ரீலை அவர் கையிலிருந்து வாங்கினான். குமிழை மூக்கருகே வைத்து ஒரு தடவை இழுத்து மணந்தான்.

"வேணாம் மாமா. இருக்கட்டும்."

"மணக்குதே தம்பி."

"அதுக்குத்தான் மாமா. எங்க வீட்டு வாசம் அது."

சம்பந்தி கையில் இருந்த புதுக் குமிழைப் பெட்டிக்குள் போட்டு, மூடியைத் தேவைக்கு மேல் அழுத்தி மூடினார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். உதட்டில் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை. அந்த முகம் எனக்குத் தெரியாதா? கல்யாணம் முடிந்த நாளிலிருந்து கடைக் கண்ணாடியில் நான் பார்த்துவருகிற முகம்தானே அது!

சாப்பிடக் கூப்பிட்டார்கள். மீன், சந்தையில் வாங்கியது. சம்பந்தி அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. நான் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.